'விவரம் திரட்டப்பட்டு வருகிறது'

கேள்வி: தாத்தா காலத்தில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கொஞ்சம் தென்னை இருக்கிறது. கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. வில்லேஜ் ஆபீசில் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால், '1950க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு ரேகை (ஆவணம்) கொண்டு வா' என்கிறார்கள். இதையெல்லாம் ஒரு எம்.எல்.ஏ. சட்டசபையில் கேட்டதாகப் பேப்பரில் வந்தது. ஆறு மாதம் ஆகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. சபையில் கேட்பதால் எங்களுக்கு என்ன பயன்? நாங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால் யாராவது படிப்பார்களா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழிலேயே எழுதுங்கள். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டம் இன்னும் தெளிவானது: தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். உங்கள் சித்தூர் தாலுகாவின் அலுவலகம் ஒன்றில் 'மலையாளத்தில் எழுதி வா' என்று உங்கள் மனுவைத் திருப்பிக் கொடுத்தால், அது சட்டமீறல். அப்படிச் சொன்னவரின் பதவியையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

சபைக்குள்ளும் தமிழுக்கு இடம் உண்டு. சபையின் மொழிகளில் சரளமாகப் பேச முடியாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம் என்பது 210ஆவது பிரிவு. 2021 மே மாதம் தேவிகுளம் எம்.எல்.ஏ. அ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். மொழிபெயர்த்த வாசகத்தில் ஒரு பகுதி விட்டுப்போயிருந்ததால் ஜூன் மாதம் அவர் மறுபடியும் எடுக்க வேண்டி வந்தது. ஒரு எம்.எல்.ஏ.யின் உறுதிமொழித் தாளிலேயே தமிழ் இப்படித் தடுமாறும் என்றால், உங்கள் மனுவில் ஒவ்வொரு சொல்லையும் நீங்கள்தான் பார்த்து எழுத வேண்டும்.

இனி, கேட்பதால் என்ன பயன் என்பது. நீங்கள் பேப்பரில் பார்த்தது செய்தி. அந்தக் கேள்வியின் தாளைப் பார்த்தீர்களா? கேரள சட்டசபையின் பதில் தாள் இரண்டு பத்தியாக இருக்கும். இடப்பக்கம் கேள்வி, எ, பி, சி என்று பிரித்துப் போட்டிருக்கும். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அமைச்சரின் பதில். சபையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். வலப்பக்கத்தில் அடிக்கடி ஒரே ஒரு வரி மட்டும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்: 'விவரம் திரட்டப்பட்டு வருகிறது.' உங்கள் ஆறு மாதம் பெரும்பாலும் இந்த ஒரு வரிக்குள்தான் சிக்கியிருக்கும்.

அந்த வரியோடு விஷயம் முடிந்துவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பதில் பிறகு வந்தாக வேண்டும்; வந்ததா என்று எம்.எல்.ஏ.யின் அலுவலகத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 'செய்து தருகிறோம்' என்று அமைச்சர் சபையில் சொல்லியிருந்தால், அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே சபையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்களின் மனுக்களுக்குத் தனிக் குழுவும் உண்டு. கேள்வி போடும்போது, வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் குறியிட்ட கேள்விதான் பெரிது என்று நினைக்காதீர்கள். அதில் துணைக்கேள்வி போடலாம் என்பது உண்மை. ஆனால் கேள்வி நேரத்துக்குள் வாய்மொழிப் பதில் கிடைப்பது சிலவற்றுக்குத்தான். கணக்கு வேண்டுமென்றால் எழுத்தில் பதில் வரும் நட்சத்திரமில்லாத கேள்வியே உங்களுக்கு நல்லது.

கேள்வி கனமாக இருந்தால்தான் பதில் கனமாக வரும். தண்ணீரையே பாருங்கள். 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்பது அரசின் கவனத்துக்கு வந்ததா?' என்று கேட்டால், 'வந்தது, நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்பதோடு முடிந்தது. உங்கள் கால்வாய்த் தண்ணீருக்கு அடிப்படையான, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும், தண்ணீர் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டிய ஒப்பந்தம் இது. 2019 செப்டம்பரில், அப்போது முதல்வர்களாக இருந்த எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து குழு அமைக்க ஒத்துக்கொண்டதும் இதற்காகத்தான். ஆனால் 7.25 என்பது வருஷக் கணக்கு. உங்கள் தென்னை காய்வது மாதக் கணக்கில், சில மாதம் வாரக் கணக்கில். மொத்தம் சரியாக வந்தும், மூலத்தறை ரெகுலேட்டரிலிருந்து உங்கள் மடைக்கு வருவதற்குள் வழியிலேயே தண்ணீர் போய்விடலாம்.

அதனால் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: ஜூலை 1 முதல் மாதவாரியாக மணக்கடவில் வந்தது எவ்வளவு, மூலத்தறையிலிருந்து எங்கள் கால்வாயில் விட்டது எவ்வளவு? தூர்வார ஒதுக்கிய தொகை எவ்வளவு, மார்ச் 31க்குள் செலவானது எவ்வளவு, செலவாகாமல் திரும்பிப் போனது எவ்வளவு? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒதுக்கிய தொகையைச் சொல்ல எந்த அரசும் தயங்காது. திரும்பிப் போன தொகையை யாராவது கேட்டால்தான் சொல்லும்.

பக்கத்துப் பெருமாட்டியில், குளிர்பான ஆலையால் நிலத்தடி நீர் கெட்ட பிளாச்சிமடை விவகாரத்தை நீங்கள் கண்ணால் பார்த்தவர். 2010இல் உயர்மட்டக் குழு 216.26 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டது. 2011இல் சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. சபையால் எல்லாம் முடியும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். இருந்தாலும் அந்த மக்கள் இன்றைக்கும் எந்த மேடையில் ஏறினாலும் அந்த 216.26ஐத்தான் சொல்கிறார்கள். கணக்கு ஏட்டில் ஏறியதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சான்றிதழ் விஷயம் கடினமானது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் ஆணைதான் பட்டியல் சாதிக்கு அடிப்படை. அதற்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து குடியேறிய குடும்பத்துக்குப் பூர்வீக மாநிலத்தின் சான்றிதழே செல்லும். கேரளத்தில் இடஒதுக்கீடு கிடைக்காது. இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முன்பு சொன்ன ராஜாவே சாட்சி. கேரளத்துப் பட்டியல் சாதிக்காரர் அல்ல என்று 2023 மார்ச்சில் ஐகோர்ட் அவர் தேர்தலையே ரத்து செய்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளி அவர் பதவியை உறுதி செய்தது. குடும்பம் எப்போது கேரளத்துக்கு வந்தது என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஆகவே தாத்தா வந்த ஆண்டைத்தான் முதலில் தேடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, வாக்காளர் பட்டியல் எதுவானாலும் சரி. எம்.எல்.ஏ.யிடம் கேட்கச் சொல்ல வேண்டியது வேறு: இந்தத் தாலுகாவில் 5 ஆண்டில் இந்தக் காரணத்துக்காக எத்தனை விண்ணப்பம் தள்ளப்பட்டது, பதிவேடே இல்லாத காலத்துக் கூலிக் குடும்பங்களிடம் எந்த ஆவணத்தை ஏற்க உத்தரவு இருக்கிறது? ஏட்டில் பெயர் ஏறாத காலத்தில் தோட்டத்தில் கூலிக்கு நின்றவரின் பேரனிடம் ஏட்டைக் கேட்பது அநியாயம். அந்த அநியாயம் எண்ணிக்கையாகச் சபைக்கு வர வேண்டும்.

யாரிடம் கொடுப்பது என்பதில் சித்தூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கலும் நேர்ந்தது. சித்தூர் எம்.எல்.ஏ.வாக இருந்த கே. கிருஷ்ணன்குட்டி 2018 நவம்பரில் நீர்வளத் துறைக்கும், 2021இல் மின்சாரத் துறைக்கும் அமைச்சரானார். அமைச்சரானவர் பதில் சொல்லும் பக்கம் உட்காருவார். கேள்வி நேரத்தில் தன் தொகுதிக்காகக் கேட்க முடியாது. அந்த மாதிரி நேரத்தில் பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ.யிடம் போகக் கூச்சப்படாதீர்கள். 140 பேரில் யார் வேண்டுமானாலும் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்கலாம். இரு மாநிலத் தண்ணீர் விஷயத்தை டெல்லியில் கேட்க வேண்டுமென்றால், சித்தூர் ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, அந்த எம்.பி.யிடம் கொடுங்கள்.

எம்.எல்.ஏ.யிடமோ எம்.பி.யிடமோ போவதற்கு முன் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, அடுத்த கூட்டத்தொடர் அறிவிப்பு வருவதற்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பி வராதீர்கள்.