காம்பைத் தேய்த்த கை: படைவாள் சேகரிக்கும் இளையவருக்கு ஒரு கடிதம்

ஜப்பானியப் படைவாள்களின் சந்தை மதிப்பு குறித்து இளம் சேகரிப்பாளர் எழுதியுள்ள கட்டுரை மூத்தோர் பார்வைக்கு வந்தது. அதில் அச்சாகியுள்ள ஓர் ஒளிப்படமே இக்கடிதம் எழுதப்படுவதற்குக் காரணம். வாளின் வகைகளும் உறுப்புகளும் அவர் நன்கு அறிந்தவை. ஆதலால் அவற்றை இங்கே மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. அப்படத்தில் இருப்பது ஒரு ஷின் குன்தோ, அதாவது ஐரோப்பியப் பாணிப் படைவாளைக் கைவிட்டு, பழைய தச்சி வாளின் தோற்றத்தில் 1934இல் தரைப்படை அதிகாரிகளுக்கென வகுக்கப்பட்ட வாள். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அதன் காம்பு, ஜப்பானியர் நகாகோ என்று சொல்லும் மெருகிடப்படாத அடிப்பகுதி, புதிய கரண்டியைப் போலப் பளபளக்கிறது. கொல்லரின் கையொப்பம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கம்பித் தூரிகையால் தேய்த்ததாக அவரே படத்தின் கீழே பெருமிதத்தோடு குறித்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய கேட்டை ஒரு வாளுக்குச் செய்வது கடினம். அலகை மீண்டும் மெருகிடலாம், உறையைப் புதிதாகச் செய்யலாம், கைப்பிடியின் பட்டுநாடாவையும் மாற்றிக் கட்டலாம். காம்பில் படிந்த துருவை மட்டும் எவராலும் திருப்பித் தர முடியாது. அத்துருவின் நிறமும் திண்மையும், உளி பதிந்த கோடுகளின் விளிம்பு எந்த அளவுக்கு மழுங்கியிருக்கிறது என்பதும், வாளின் வயதையும் கையொப்பத்தின் உண்மையையும் சொல்லும் முதற்சான்றுகள். போர்க்காலத்து அலகுகளில் இன்னொன்றும் உண்டு: பணிமனையில் அலகையும் அதற்குரிய பாகங்களையும் சேர்த்து அடையாளம் காண்பதற்காகக் காம்பின்மேல் வண்ணத்தால் எழுதிய எண்கள். எழுபது, எண்பது ஆண்டுகள் கைப்பிடியின் இருட்டில் தப்பிப் பிழைத்த அவ்வெண்களைக் கம்பித் தூரிகை ஒரே மாலையில் துடைத்துவிடும். இளையவரின் வாளில் அப்படி எண் ஏதும் இருந்ததா என்பதை இனி அறிய வழியில்லை. தேய்த்த இடத்தைச் செயற்கையாகத் துருவேற்றி மறைக்கும் எண்ணம் அவருக்கு எழுந்தால் அதை உடனே விட்டுவிட வேண்டும், ஏனெனில் போலி வாள் செய்வோர் கைக்கொள்ளும் வழியும் அதுவே.

இரண்டாவது குறை கட்டுரை முழுவதும் பரவியுள்ள விலையேணி. மரபுமுறையில் தமாஹகானே, அதாவது இரும்பு மணலை உருக்கி எடுத்த எஃகு கொண்டு மடித்து அடித்து நீரில் தோய்ச்சல் கொடுத்த கெந்தாய்தோ மேலே. ஆலை எஃகில் செய்து எண்ணெயில் தோய்த்த ஷோவாதோ கீழே. எந்திரத்தால் செய்யப்பட்டு 1935 முதல் ஆணை பெறாத அதிகாரிகளுக்கு (சார்ஜென்ட் நிலையினருக்கு) வழங்கப்பட்ட 95ஆம் வகை வாள் கடைசியில். இந்த வரிசையை எஃகின் இயல்பிலேயே அமைந்த ஒன்றைப் போல இளையவர் எழுதுகிறார். அது எஃகிலிருந்து மட்டும் வந்ததன்று. ஒரு நெருக்கடியிலிருந்து வந்தது. 1945இல் ஜப்பான் சரணடைந்தபின் வாள்கள் யாவும் ஆயுதங்கள் என்ற கணக்கில் ஒப்படைக்கப்பட வேண்டியவையாயின. பெருந்தொகையானவை அழிக்கப்பட்டன, டோக்கியோவின் அகபானே கிடங்கில் ஆயிரக்கணக்கானவை குவிந்தன, இன்னும் பல வெற்றி பெற்ற படையினரின் பைகளில் கடல் கடந்தன. அந்நிலையில் ஹொம்மா ஜுஞ்சி முதலிய அறிஞர்கள் காட்வெல் என்ற அமெரிக்கக் கர்னலின் துணையோடு வாதாடி, வாள் ஆயுதமன்று, கலைப்பொருள் என நிறுவிப் பழைய அலகுகளைக் காத்தனர். அவ்வாதத்தின் மறுபக்கமாக, கலைப்பொருள் என்று காட்ட முடியாத வாளுக்கு அடைக்கலம் இல்லாது போயிற்று. 1958இல் இயற்றப்பட்ட துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இன்றும் ஜப்பானில் மரபுமுறை அலகே பதிவுச் சான்று பெறும். 95ஆம் வகை வாளோ எண்ணெயில் தோய்த்த ஷோவாதோவோ அங்கே கண்டெடுக்கப்பட்டால் காவல்துறையிடம் போய் அழியும். ஆகவே இளையவர் கடைசிப் படியில் வைக்கும் வாள், தான் பிறந்த நாட்டில் இருக்க உரிமையற்றது. அதன் சந்தை முழுவதும் வெளிநாட்டில்தான் வளர்ந்தது. மதிப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை.

இந்த ஏணி எவ்வளவு இழப்பை விளைவித்தது என்பதை 1970களையும் 1980களையும் கண்ட சேகரிப்பாளர்கள் மறக்க மாட்டார்கள். யென்னின் மதிப்பு ஏறிய காலம் அது. ஜப்பானிய வணிகர்கள் அமெரிக்கச் சிற்றூர்களில் விடுதி அறை எடுத்துத் தங்கி, உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, முன்னாள் படைவீரர்கள் கொண்டுவந்த வாள்களை ரொக்கம் கொடுத்து வாங்கினர். போருக்குச் சென்ற அதிகாரிகள் பலர் குடும்பத்தில் வழிவழியாக வந்த அலகைப் படைக் கைப்பிடியிலும் உறையிலும் பொருத்தி எடுத்துச் சென்றிருந்தனர். வணிகர் தேடியதும் அந்தப் பழைய அலகையே. மூங்கில் ஆணியைத் தட்டி அலகை உருவி எடுத்துக்கொண்டபின் எஞ்சிய கைப்பிடி, கைக்காப்பு, உறை, தோலுறை, பதவியைக் காட்டும் குஞ்சம் எல்லாம் கேட்பாரற்றுக் கிடந்தன. பழுப்பும் நீலமும் கலந்த கீழ்நிலை அதிகாரியின் குஞ்சமும் பழுப்பும் சிவப்பும் கலந்த மேனிலை அதிகாரியின் குஞ்சமும் ஒரே அட்டைப்பெட்டியில் குவிந்து, பொறுக்குவோருக்குச் சில்லறைக் காசில் கிடைத்த காலமும் இருந்தது. பின்னர் 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. நடுத்தரமான பழைய அலகுகளின் விலை தளர்ந்தது, ஒருகாலத்தில் எறியப்பட்ட படைவாள் பாகங்களின் விலையோ ஏறிக்கொண்டே வந்தது. இன்று பிரிந்த பாகங்களைத் தேடி வாங்கி வாளை "முழுமையாக்கி" விற்பது தனித்தொழில். கைக்காப்பிலும் அதன் இருபுறமும் வரும் செப்பா என்னும் தகட்டு வளையங்களிலும் பொறித்த எண்கள் ஒத்துப்போகாமையே அந்தத் தொழிலைக் காட்டிக்கொடுக்கும். எனவே அலகையும் அதன் பாகங்களையும் பிரிக்கக் கூடாது, பிரித்து விலை பேசவும் கூடாது என்பது, கேட்பவர் சலித்தாலும் திரும்பத் திரும்பச் சொல்லத்தக்கது.

விலையேணி எஃகிலிருந்து மட்டும் வந்ததன்று என்பதற்கு யசுகுனி வாள்களின் கதை வேறொரு சான்று. யசுகுனி ஆலய வளாகத்தில் 1933இல் அமைந்த பட்டறையில் 1945 வரை ஏறத்தாழ 8,100 வாள்கள் மரபுமுறையிலேயே உருவாயின. ஆயினும் படைவாள் என்ற பெயராலேயே அவை நெடுங்காலம் ஏளனம் செய்யப்பட்டன. டாம் கிஷிதாவின் நூல் 2004இல் ஆங்கிலத்தில் வந்து, கொல்லர்கள் யார் யார் என்பது வெளிநாட்டவருக்கும் தெரிந்தபின் அவற்றை நாடுவோர் பெருகினர். எஃகு மாறவில்லை, படிக்கக் கிடைத்தது மாறியது.

கட்டுரையின் இறுதியில் உள்ள விலை அட்டவணையைப் பற்றி இரு சொற்கள் போதும். வணிகர் பட்டியலில் கேட்கும் விலையையும் ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலையையும் ஒரே நிரலில் நிறுத்துவதும், ஏல நிறுவனம் வாங்குவோரிடம் கூடுதலாகப் பெறும் கட்டணத்தைச் சேர்த்தாரா விட்டாரா என்று சொல்லாமல் போவதும் வாசகரை ஏமாற்றுவதாகும். செப்புக் கைப்பிடி கொண்ட முதல் வடிவத்தையும், வண்ணம் பூசிய அலுமினியக் கைப்பிடி கொண்ட பிற்கால வடிவத்தையும், போர் முடிவில் வந்த மரக் கைப்பிடி வாளையும் "95ஆம் வகை" என்ற ஒரே வரியில் அடக்கிச் சராசரி காண்பது அதைவிடத் தவறு. அலகை மெருகிட்டால் விலை கூடும் என்ற அவருடைய அறிவுரையும் நீக்கத்தக்கது. தேர்ந்த மெருகாளர் அலகின் நீளத்தை அளந்து கேட்கும் கூலி, சாதாரண ஷோவாதோ ஒன்றின் மொத்த விலையையே விஞ்சிவிடுவது வழக்கம்.

இவ்வளவு சொன்னபின், 95ஆம் வகை வாள்களின் அலகில் பொறித்த எண்ணையும் உறையில் பொறித்த எண்ணையும் அருகருகே வைத்து இளையவர் தொகுத்துள்ள பின்னிணைப்பு இத்துறையில் மிக அரிய உழைப்பு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதியோர் பலர் வாழ்நாளெல்லாம் வாங்கி விற்றும் செய்யாத வேலை அது. போலிகள் சந்தையில் குவிந்துள்ள இந்நாளில், எந்த எண் வரிசையில் எந்த ஆயுதச்சாலை முத்திரை வருகிறது என்ற பதிவு, நூறு விலைப் பட்டியல்களைக் காட்டிலும் பயன் தரும். இரண்டாம் பதிப்பில் அப்பின்னிணைப்பையே கட்டுரையின் உடலாக்கி, எண்கள் பொருந்தாதவை என்று அவர் ஒதுக்கிவைத்த வாள்களையும் அதில் சேர்க்க வேண்டும். உறை எந்த நாட்டில், யார் கையில் மாறியிருக்கக்கூடும் என்பதை ஆராய வருவோருக்கு அவையே முதலில் தேவைப்படும். விலை நிரலை அதில் சேர்க்க வேண்டியதில்லை.