விலைபோகாத தக்காளியில் வீட்டுச் சூப்பு

கண்டி நகரைச் சூழவுள்ள மாரஸ்ஸன முதலிய பிரதேசங்களில், பெரும்போகத்து நெல்லை அறுத்தபின், கமக்காரர் வயலிலே பாத்தி அமைத்துத் தக்காளி, போஞ்சி, கறிமிளகாய் ஆகியவற்றைப் பயிரிடுவது வழக்கம். எல்லாருடைய தோட்டத்திலும் பழம் ஒரே காலத்தில் பழுக்கும்போது சந்தையில் வரத்துப் பெருகுகிறது. சில வாரங்களில் விலை, பறிகூலிக்கும் போதாதவாறு இறங்கிவிடுகிறது. அக்காலத்தில் கண்டிச் சந்தைக்கோ தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ போகும் பழத்தை வியாபாரி கண்டிப்பாகத் தரம் பிரிக்கிறார். வெடித்த பழம், சிறுத்த பழம், மிகப் பழுத்த பழம் யாவும் ஒதுக்கப்படுகின்றன.

ஒதுக்கிய பழத்தை வயலோரத்தில் கொட்டிவிடுவது இருவகையில் நட்டமாகும். உழைப்பின் பயன் வீணாவது ஒன்று. அழுகும் பழத்தில் நோயும் பூச்சியும் பெருகி, அடுத்த பயிரைத் தாக்குவது மற்றொன்று. ஆனால் அப்பழங்களுள் பெரும்பகுதி உண்ணத் தக்கது. அதைக்கொண்டு வீட்டிலுள்ள சில பொருட்களோடு சத்துள்ள சூப்புத் தயாரிக்கலாம்.

பழத்தைப் பிரித்தல்

ஒதுக்கிய பழங்களை முதலில் மூன்று குவியலாகப் பிரித்தல் வேண்டும்.

1. முழுவதும் பயன்படுத்தக்கூடியவை: உருவத்தில் சிறியவை, கோணலானவை, நன்றாகப் பழுத்துச் சற்று மென்மையானவை. வறண்ட நாட்களின் பின் திடீரென மழை பெய்வதால் வெடித்த பழங்களையும், வெடிப்பு உலர்ந்து பூஞ்சணம் இல்லாதிருப்பின், இதில் சேர்க்கலாம்.

2. வெட்டி நீக்கிப் பயன்படுத்தக்கூடியவை: பழத்தின் அடிப்பாகம் கறுத்து உலர்ந்திருப்பது கல்சியச் சத்துப் பழத்துக்குப் போதிய அளவு கிடைக்காமையால் உண்டாகும் குறைபாடு, அது தொற்றுநோயன்று. கறுத்த பகுதியை அகலமாக வெட்டி நீக்கியபின் எஞ்சிய சதை நல்லதாயின் அதனைப் பயன்படுத்தலாம்.

3. விலக்க வேண்டியவை: பூஞ்சணம் பிடித்தவை, புளித்த மணம் வீசுபவை, நீர் கசிபவை, புழு துளைத்து உள்ளே அழுகியவை. தக்காளி மென்மையும் நீரும் மிகுந்த பழமாதலால் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் கடந்து உள்ளே பரவியிருக்கும். ஆகவே ஓரிடத்தை மாத்திரம் வெட்டி எறிவது போதாது. இப்பழங்களை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தல் வேண்டும்.

பீடைநாசினி தெளித்த பழத்தைக் குறித்து மிகக் கவனம் வேண்டும். தெளித்தபின் அறுவடைக்கு முன் எத்தனை நாள் விடவேண்டும் என்பது போத்தலின் சுட்டுத்துண்டில் குறிக்கப்பட்டிருக்கும். சந்தைக்குப் போகும் பழத்துக்கு உள்ள அதே விதி வீட்டுச் சமையலுக்கும் உண்டு. கழுவுவதால் தோலின் மேலுள்ளதில் ஒரு பகுதியே நீங்கும்; பயிரினுள் ஊடுருவும் மருந்து சதையில் தங்கியிருக்கும். கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என நம்பியிருத்தல் கூடாது.

வேண்டிய பொருட்கள் (ஐந்து பேருக்கு)

பழுத்த தக்காளி – 500 கிராம்
பச்சையரிசி – 2 மேசைக்கரண்டி
மைசூர்ப் பருப்பு – 2 மேசைக்கரண்டி
சின்ன வெங்காயம் – 8
உள்ளி – 4 பல்லு
தேங்காயின் முதற்பால் – அரைக் கோப்பை
மிளகுத்தூள் – அரைத் தேக்கரண்டி
கறிவேப்பிலை, உப்பு – அளவாக
நீர் – 1 லீற்றர்

ரோமா போன்ற நீள்வடிவப் பழங்களில் சதை மிகுதி. சூப்புக்கு அவை மிகப் பொருத்தமானவை. திலினா முதலிய ஏனைய இனங்களையும் பயன்படுத்தலாம். நீர் மிகுந்த பழமாயின் சேர்க்கும் நீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரங்கள்

மண்சட்டி ஒன்று, சிறு பானை ஒன்று, அகப்பை, கத்தி, தேங்காய்ப்பால் வடிக்கும் வடி ஆகியவை போதும். தக்காளியின் புளிப்பு உலோகத்தோடு சேர்ந்து சுவையைக் கெடுக்கும். ஆதலால் அலுமினியப் பாத்திரத்தையும் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களையும் தவிர்க்க வேண்டும்.

செய்முறை

1. அரிசியையும் பருப்பையும் கழுவி, நீரில் இட்டுக் குழைய வேகவைக்கவும். இதற்கு ஏறக்குறைய 25 நிமிடம் செல்லும். தக்காளியை இப்போது சேர்த்தல் கூடாது. புளிப்புச் சேர்ந்தால் பருப்பு விரைவில் மென்மையடையாது, விறகும் வீணாகும்.

2. இதற்கிடையில் பழங்களைக் கழுவி, ஒவ்வொன்றின் அடியிலும் சிலுவை வடிவாக மெல்லக் கீறவும். கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, உடனே குளிர்நீரில் இடவும். தோல் இலகுவாக உரிந்துவரும். பின் பழங்களைத் துண்டுகளாக வெட்டவும்.

3. வெந்த அரிசி, பருப்புடன் தக்காளி, நறுக்கிய வெங்காயம், நசுக்கிய உள்ளி, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து மேலும் 15 நிமிடம் வேகவைக்கவும்.

4. கறிவேப்பிலையை நீக்கி, அகப்பையால் நன்கு மசித்து, வடியில் ஊற்றித் தேய்த்து வடிக்கவும். விதையும் சக்கையும் வடியில் தங்கும். அரிசியும் பருப்பும் சூப்புக்குத் தடிப்பைக் கொடுக்கும். கோதுமை மாவோ சோளமாவோ வேண்டியதில்லை.

5. வடித்ததை மீண்டும் கொதிக்க வைத்து, உப்பும் மிளகுத்தூளும் சேர்க்கவும். பின் நெருப்பைத் தணித்துக் கொதிப்பு அடங்கியபின் தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். புளிப்பும் கடுஞ்சூடும் ஒன்றுசேர்ந்தால் பால் திரிந்துவிடும். பால் சேர்த்தபின் மீண்டும் கொதிக்க விடலாகாது.

சத்தின் பயன்

தக்காளியில் நூற்றுக்கு 94 பங்களவு நீர். விற்றமின் சி அதில் உண்டு; நெடுநேரம் வேகவைப்பின் அது குறையும். ஆதலாலேயே பழத்தைப் பிந்திச் சேர்க்குமாறு கூறப்பட்டது. பழத்துக்குச் செந்நிறம் தரும் லைகோபீன் என்னும் பொருளோ, வேகவைத்துச் சிறிது கொழுப்புடன் உண்ணும்போது உடலில் நன்கு சேரும். தேங்காய்ப்பால் அக்கொழுப்பை அளிக்கிறது. அரிசியும் பருப்பும் சேர்வதால் இது வெறும் சாறாக இராமல், வளரும் பிள்ளைகளுக்குப் புரதமுள்ள உணவாகிறது.

எச்சரிக்கை

சூப்பைத் தயாரித்த அன்றே உண்டு முடிக்க வேண்டும். பழம் மிகுதியாக உள்ளதென்று இச்சூப்பைப் போத்தலில் அடைத்து வைத்தல் ஆபத்தாகும். பழத்தில் இயற்கையாக உள்ள புளிப்பு, அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் ஆகியன சேர்வதால் குறைந்துவிடுகிறது. காற்றுப் புகாத போத்தலில், புளிப்புக் குறைந்த உணவில், கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அதன் வித்துக்கள் சாதாரண கொதிநீரில் அழிவதில்லை. நஞ்சு உண்டாயினும் மணத்திலோ நிறத்திலோ வேறுபாடு தெரியாதிருக்கலாம்.

பழத்தை நெடுநாள் பாதுகாக்க விரும்புவோர் சோஸ், ஜாம் முதலியவற்றைத் தயாரிக்கும் முறையை முறைப்படி கற்றுக்கொள்ளுதல் நன்று. இது குறித்துத் தத்தம் பிரதேச விவசாயப் போதனாசிரியரை அணுகுக.

விலை இறங்கிய நாளில் சந்தையைக் கமக்காரர் தனித்து மாற்றிவிட முடியாது. ஆயினும் தாம் விளைவித்த பழத்தில் நல்லதைத் தம் வீட்டார்க்கு உணவாக்குவது அவர் கையில் உள்ளது. அடுத்த பறிப்பின்போது, ஒதுக்கிய பழத்தைக் கொட்டுமுன் அதனை ஒருமுறை பிரித்துப் பார்ப்பாராக.