தூண்டிலுக்கு முன்நரம்பு: கரைக்கு எவ்வளவு? படகுக்கு எவ்வளவு?

ஆற்று முகத்துவாரங்களை அடுத்த ஊர்களில் சிறு விவசாயிகள் பலர், வயல் வேலை குறைந்த நாட்களில் தூண்டில் போடுவது வழக்கம். கொள்ளிடம், வெள்ளாறு போன்ற ஆறுகள் கடலில் சேரும் இடங்களில் கொடுவா, பாறை, சீலா முதலிய மீன்கள் கிடைக்கின்றன. மூங்கில் கழிக்குப் பதிலாக ரீல் பொருத்திய நீண்ட கம்பு வாங்குவோரும் இப்போது உண்டு. ரீலில் மெல்லிய நரம்பு சுற்றியிருக்கும். அதன் நுனியில் தடித்த நைலான் நரம்பு ஒன்றை இணைக்க வேண்டும். இதுவே முன்நரம்பு. கடைகளில் ‘லீடர்’ என்று கேட்டால் தருவார்கள். இதன் நீளம் கரைக்கும் படகுக்கும் ஒன்றல்ல.

கரையிலிருந்து வீசும்போது

கரையில் முன்நரம்பின் முதல் வேலை, வீச்சின் வேகத்தைத் தாங்குவது. கனமான ஈயக் குண்டை ஓங்கி வீசும்போது மெல்லிய நரம்பு அறுந்தால் குண்டு தனியே பறக்கும். அருகில் நிற்பவர் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீசும் நேரத்தில் குண்டு முதல் ரீல் வரை தடித்த நரம்பே இருக்க வேண்டும்.

12 அடிக் கம்பைக் கணக்கிடுவோம். ரீலிலிருந்து கம்பின் நுனி வரை சுமார் 9 அடி. நுனியிலிருந்து தொங்கும் குண்டு வரை 5 அல்லது 6 அடி. ரீலில் 6 சுற்றுக்கு 3 அடிக்கு மேல். ஆக ஏறக்குறைய 18 அடி தேவை. தேய்ந்த நுனியை அவ்வப்போது வெட்ட வேண்டியிருப்பதால், கம்பின் நீளத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 24 அடி வைப்பது நல்லது.

வலிமைக்கும் கணக்கு உண்டு. 28 கிராம் குண்டுக்குச் சுமார் 4.5 கிலோ தாங்கும் நரம்பு வேண்டும். 100 கிராம் குண்டுக்கு 16 கிலோ, 150 கிராமுக்கு 24 கிலோ தாங்கும் நரம்பு தேவை. 20, 30 கிராம் எடையுள்ள செயற்கை இரையை மட்டும் வீசுவோருக்கு, ரீல் நரம்பே அந்த எடையைத் தாங்குமானால் 2 அல்லது 3 அடி முன்நரம்பு போதும்.

படகிலிருந்து இறக்கும்போது

படகில் குண்டை நேராகக் கீழே இறக்குவதால் வீச்சின் வேகம் இல்லை. மீனின் வாய், பாறை, படகின் விளிம்பு ஆகியவற்றில் உராய்ந்து அறுபடாமல் காப்பதே இங்கு முன்நரம்பின் வேலை. 3 முதல் 6 அடி போதும். கம்பின் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. நீளம் கூடினால், மீன் படகை நெருங்கும் நேரத்தில் முடிச்சு கம்பின் வளையங்களில் சிக்கும். அப்போது மீன் திமிறினால் முடிச்சு விட்டுப் போகும். படகிலிருந்தும் கனமான குண்டை ஓங்கி வீசுவதானால், கரைக்குச் சொன்ன அளவே பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

1. கொடுவாவின் செவுள் மூடி கூர்மையானது. ஒவ்வொரு மீனைப் பிடித்த பின்பும் கடைசி 3 அடியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பு தெரிந்தால் அதுவரை வெட்டிவிட்டு முள்ளை மறுபடி கட்ட வேண்டும்.

2. சீலா, வஞ்சிரம் போன்றவை பல்லால் நரம்பை அறுத்துவிடும். இவற்றுக்கு முள்ளை ஒட்டி அரை அடி முதல் ஓர் அடி வரை மெல்லிய எஃகுக் கம்பி சேர்க்கலாம்.

3. முடிச்சை இறுக்கும் முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் சூட்டில் நைலான் வலுவிழக்கும்.

4. கரையில் வெட்டி வெட்டி, ரீலில் 4 சுற்றுக்கும் குறைவாகிவிட்டால் புதிய முன்நரம்பு கட்ட வேண்டும்.

5. வீசும் முன் பின்னாலும் பக்கங்களிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர்களை அருகில் நிறுத்தக் கூடாது.

6. வெட்டிய நரம்புத் துண்டுகளைக் கரையில் போடக் கூடாது. மேயும் ஆடு மாடுகள் புல்லோடு அவற்றை விழுங்கிவிடும். பறவைகளின் காலிலும் சுற்றிக்கொள்ளும்.

சில அடி நரம்பை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. கரையில் ஆளைக் காப்பதும், படகில் மீனைக் காப்பதும் அந்த நீளமே.