சுற்றியும் சுழலாத சக்கரம்



நம் பள்ளி அறிவியல் அறையில் உள்ள சிறிய இரயிலை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். முன்னாள் மாணவர் ஒருவர், தாம் நெடுங்காலம் காத்து வைத்திருந்த ஒரே மாதிரியான இரண்டு இஞ்சின்களை நமக்கு அன்பளிப்பாகத் தந்தார். ஒன்றை ஓட்டி வந்தோம். மற்றொன்று உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. இவை உண்மை இஞ்சினில் 87-இல் ஒரு பங்கு அளவுடையவை. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதனை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். உலகில் பெருவழக்காக உள்ள பாதையின் அகலமான 1435 மில்லிமீட்டரை ஒட்டி விடை வரும். 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்ட நம் நாட்டின் முதல் இரயில் பாதையோ 1000 மில்லிமீட்டர் அகலமே உடையது.

பெற்றோர் தினத்திற்கு முதல் நாள், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தபோது இஞ்சின் நின்றுவிட்டது. மோட்டார் இரைந்தது, சக்கரம் சுழலவில்லை. "கையால் அழுத்திக் கெடுத்துவிட்டாய்" என்று நாம் அவனைக் கடிந்துகொண்டோம். அவன் ஒன்றும் கூறவில்லை. மறுநாள் அவன் அவ்வறையின் பக்கமே வரவில்லை.

மோட்டார் இரைகிறது என்றால் மின்சாரம் வருகிறது என்று பொருள். ஆகவே குறை மோட்டாருக்கும் சக்கரத்திற்கும் இடையில்தான் இருத்தல் வேண்டும். இஞ்சினை மென்துணியின்மேல் கவிழ்த்து வைத்து, அடிமூடியைக் கழற்றி, மெதுவாக மின்சாரம் செலுத்தினோம். மோட்டாரின் தண்டில் திருகாணிபோல் மரையுள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. அது ஒரு முறை சுற்றினால், நடு அச்சிலுள்ள பற்சக்கரம் ஒரு பல் அளவு நகரும். பற்கள் 20, ஆகவே மோட்டார் 20 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். நாம் கண்டதோ வேறு. பற்சக்கரம் சுற்றியது, அதனைத் தாங்கிய இரும்பு அச்சு அசையவில்லை. சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்ற ஒலியும் கேட்டது. கையால் சுற்றும் ரப்பர்த் தகட்டு உருளையில் பற்சக்கரத்தின் ஆப்பு கழன்றுவிட்டால் கைப்பிடி மட்டும் வெறுமனே சுற்றுமே, அதனைக் கண்ட பெரியவர்களுக்கு இது புதிதன்று.

அவசரத்தில் ஒரு தவறு செய்தோம். பசையை ஒரு துளி இட்டு ஒட்டினோம். இரயில் இரண்டு சுற்று ஓடி, பெற்றோர்களின் முன்னிலையிலேயே நின்றது. இத்தகைய வழவழப்பான பிளாஸ்டிக்கில் பசை பற்றுவதில்லை. போதாக்குறைக்கு, பல்லிடையில் கசிந்த பசையைச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது செலவாயிற்று.

பின்னர் உருப்பெருக்காடியின் உதவியால் பார்த்தபோது, இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தது. பற்சக்கரத்தின் துளை அச்சைவிடச் சற்றே சிறியதாக இருக்கும். அதனால் பிளாஸ்டிக் விரிந்து அச்சை இறுகப் பற்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிளாஸ்டிக் சுருங்க முயல்கிறது, அச்சு இடங்கொடுப்பதில்லை. இவ்விழுவிசை தாங்காமல், மிக மெலிந்த இடமாகிய பல்லின் அடியில் அது வெடிக்கிறது. வெடித்தபின் பிடி தளர்கிறது. அவ்விடத்தில் பல்லிடைவெளி அகன்றுவிடுவதால் 'டக்' ஒலி எழுகிறது.

அப்பொழுதுதான் அலமாரியில் இருந்த இஞ்சின் நினைவுக்கு வந்தது. அதன் உறையைப் பிரித்து அடிமூடியைத் திறந்தோம். ஒருவர் கையும் படாத அந்த இஞ்சினிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு! மறுநாள் காலைக் கூட்டத்தில், குற்றம் அம்மாணவனுடையது அன்று என்றும், ஆராயாமல் கடிந்தது நம் பிழை என்றும் அனைவர் முன்னும் கூறினோம்.

பற்களின் எண்ணிக்கையும் பருமனும் துளையின் அளவும் ஒத்த புதிய பற்சக்கரம் ஒன்றை வரவழைத்தோம். பொருத்தும் வேலையில் அவனையும் சேர்த்துக்கொண்டோம். ஒருபுறச் சக்கரத்தைக் கழற்றினால்தான் பற்சக்கரத்தை மாற்ற முடியும். இங்கே மிகுந்த கவனம் தேவை. நீராவி இஞ்சினில் வலச்சக்கர முளை மேலே நிற்கையில் இடச்சக்கர முளை முன்னாலோ பின்னாலோ, அதாவது செங்கோணத்தில், நிற்கும். ஒருபுறத் தண்டு தள்ள இயலாத நிலைக்கு வரும்போது மறுபுறத் தண்டு தள்ளுவதற்கே இந்த ஏற்பாடு. மூன்று அச்சுகளிலும் இக்கோணம் ஒன்றாக இல்லாவிட்டால் இணைப்புத் தண்டுகள் இறுகிக்கொள்ளும். கழற்றும் முன்னரே அடையாளமிட்டிருந்தும், முதன்முறை சிறிது பிசகிவிட்டது. அதனைக் கண்டு கூறியவன் அம்மாணவனே. சக்கரங்களின் இடைவெளியை, மற்ற அச்சின் அளவுக்கு வெட்டிய அட்டைத்துண்டு கொண்டு சரிபார்த்தோம். சுத்தியல் கூடாது; சிறு பிடிகருவியில் வைத்து மெல்ல அழுத்துவதே முறை.

மின்சாரம் கொடுக்கும் முன் கையால் சுற்றிப் பார்த்தோம், எங்கும் தடையில்லை. பிளாஸ்டிக்கிற்குக் கேடு செய்யாத எண்ணெயை ஒரு சொட்டு இட்டோம். இஞ்சின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தது.

இரண்டாவது இஞ்சினுக்குரிய பற்சக்கரமும் வந்து சேர்ந்துவிட்டது. வரும் விடுமுறையில் அதனை அம்மாணவனே பொருத்துவான்.