இரத்தக்கிரயமும் கையெழுத்துச் சந்தையும்

வேத பாடம்: மத்தேயு 27:3-8, அப்போஸ்தலர் 19:18-19

இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. அமெரிக்காவிலே கொலைகாரர்களின் கையெழுத்துக்கு ஒரு சந்தை இருக்கிறது. நம்ம பிள்ளைகள் கிரிக்கெட் வீரரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறார்களே, அதுபோல, பலரைக் கொன்றவன் ஜெயிலிலிருந்து கையொப்பமிட்டு அனுப்பிய கடிதத்தையும் படத்தையும் பணங்கொடுத்துச் சேர்க்கிறார்கள். சிலர் சிநேகிதர்போல அவனுக்குக் கடிதம் எழுதி, பதில் வந்ததும் அதை விற்றுப்போடுகிறார்கள். சிறைச்சாலைக்குக் கடிதம் எழுதுவதை ஊழியமாகச் செய்கிற நமக்கு இது எவ்வளவு வேதனை!

ஹூஸ்டன் நகரத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக உழைத்த ஆன்டி கேஹன் என்பவர் இதற்கு 'மர்டரபிலியா' என்று பேர் வைத்தார். 2001-ல் ஈபே நிறுவனம் இந்த விற்பனையைத் தடுத்தது. வியாபாரிகள் வேறே இடம் பார்த்துக்கொண்டார்கள்.

ஜான் வெய்ன் கேசி என்பவன் சிகாகோ பக்கத்தில் 33 வாலிபரையும் சிறுவரையும் கொன்றவன். மரண தண்டனைக் கைதியாக இருந்துகொண்டே கோமாளிப் படங்கள் வரைந்து விற்றான். 1994 மே மாதம் தண்டனை நிறைவேறியது. அடுத்த மாதமே நேப்பர்வில் என்ற ஊரில், ஏலத்தில் வாங்கிய அவனுடைய 25 படங்களைப் பகிரங்கமாகச் சுட்டெரித்தார்கள். கொலையுண்டவர்களின் உறவினரும் வந்து நின்றார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு எபேசு பட்டணம் ஞாபகம் வரும். ஆனால் எங்கள் வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி எழும்பி, "பாஸ்டர், எபேசுல அவங்கவங்க சொந்தப் புஸ்தகத்தை எரிச்சாங்க. இங்கே காசு கொடுத்து வாங்கியில்ல எரிச்சாங்க? அந்தக் காசு யாருக்குப் போச்சு?" என்றான். நல்ல கேள்வி! எபேசு விசுவாசிகள் எரித்தது தங்கள் சொந்த நஷ்டத்தை, 50,000 வெள்ளிக்காசு. விற்கிறவனுக்கோ, எரிக்க வாங்கினாலும் மாட்டிவைக்க வாங்கினாலும் ஒரே லாபந்தான்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது, பொருள் எங்கே போகிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பிரதான ஆசாரியர் ஒன்றைத்தான் பார்த்தார்கள். யூதாஸ் எறிந்த 30 வெள்ளிக்காசு இரத்தக்கிரயம், காணிக்கைப்பெட்டிக்கு ஆகாது என்றார்கள். (அந்தக் கிரயத்தைக் கொடுத்ததே அவர்கள்தான், அது மறந்துபோயிற்று!)

தபாலில் குண்டு அனுப்பி 3 பேரைக் கொன்ற டெட் கசின்ஸ்கியின் உடைமைகளை நீதிமன்ற உத்தரவின்படி அரசாங்கமே 2011-ல் ஏலம் விட்டது. ஏறக்குறைய 2,32,000 டாலர் வந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பணம் சரியான இடத்துக்குப் போயிற்று. அவன் கைப்பட எழுதின தாள்களோ சேகரிப்பவர்களின் அலமாரிக்குப் போயின.

மில்வாக்கி நகரத்தில் வேறுவிதமாய் நடந்தது. 17 பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமரின் சாமான்களை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் குடும்பங்களுக்குக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. 1996-ல் ஊர்ப் பிரமுகர்கள் 4 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்து, அவற்றை வாங்கி அழித்துவிட்டார்கள். குடும்பங்களுக்கும் பணம் கிடைத்தது, ஒரு சாமானும் சந்தைக்கு வரவில்லை. செலவு அதிகந்தான். ஆனாலும் என் மனசுக்கு இதுவே சரி என்று படுகிறது. தன் மகனைக் கொன்றவனுடைய பொருள் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது என்று ஒரு தாய் நினைத்துக்கொண்டே படுக்க வேண்டாம் பாருங்கள்.

நியூயார்க்கில் 6 பேரைக் கொன்று 1977-ல் பிடிபட்ட டேவிட் பெர்கோவிட்ஸ், தான் 1987-ல் சிறையில் இரட்சிக்கப்பட்டதாகச் சாட்சி சொல்லுகிறவர். இந்த வியாபாரத்தை எதிர்த்து கேஹனுக்கு ஒத்தாசை செய்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு வரும்போது மத்தேயு 27-ஐ வாசித்து வாருங்கள். குயவனுடைய நிலத்தை யாருக்காக வாங்கினார்கள் என்று கேட்பேன். வாலிபர்கள் முதலில் பதில் சொல்லட்டும்.