மருந்து சாஸ்திரமும் விஷ சாஸ்திரமும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்திக் கொண்டார். ஜவுளிக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் பார்மகாலஜி, டாக்சிகாலஜி என்று இரண்டு படிப்பின் பெயரைச் சொல்லி, படித்தால் அதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். "காக்கா, இது மருந்துக் கடையில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலைதானே? அதற்கா இத்தனை வருஷம், இத்தனை வெள்ளி?" என்று கேட்டார். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நம் படிப்பு. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். விவரம் அறிந்தவர்களிடம் விசாரித்தும், நூல்நிலையத்தில் உட்கார்ந்து படித்தும் அறிந்து கொண்டதை, அவரைப் போன்ற மற்ற வியாபாரிகளுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்து கொள்வோம். பார்மசி என்பது மருந்தைத் தயாரிப்பதும் சரிபார்த்து நோயாளிக்குக் கொடுப்பதும் ஆகும். பார்மகாலஜி என்பது மருந்து உடம்பை என்ன செய்கிறது, உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்று ஆராயும் சாஸ்திரம். டாக்சிகாலஜி என்பது நஞ்சைப் பற்றிய சாஸ்திரம். பின்னிரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். ஏனெனில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் அளவுதான்.

நம் கடைகளில் எல்லாம் தொங்குகிற பனடாலையே எடுத்துக் கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் உண்ணக் கூடாது. அதாவது 4 கிராம் எல்லை. உள்ளே போன மருந்தைக் கல்லீரல் உடைத்துக் கழிவாக வெளியேற்றுகிறது. அப்படி உடைக்கும்போது சிறு பங்கு மட்டும் கொடிய நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை முறிப்பதற்குக் கல்லீரலில் குளூட்டாதயோன் என்ற ஒரு பொருள் இருப்பில் இருக்கிறது. அளவோடு உண்டால் இருப்பு போதும். அளவு மீறினால் சரக்கு தீர்ந்து போகிறது. நஞ்சு கல்லீரலையே தின்னத் தொடங்குகிறது. இதில் பயங்கரம் யாதெனில், முதல் நாள் அந்த மனிதர் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். அசெட்டில்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து தீர்ந்த இருப்பை மறுபடி நிரப்புகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றி விடலாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் மாத்திரை எண்ணியவர்கள் அல்லர்.

இனி நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூர் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு ஆண்கள் பலர் மயக்கமாகக் கொண்டு வரப்பட்டனர். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. ஆனால் அவர்களுக்கு நீரிழிவு இல்லை; நீரிழிவு மாத்திரை உண்டதும் இல்லை. சுமார் 150 பேர் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். இரத்தத்தைச் சோதித்தபோது கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து அதில் இருந்தது. எங்கிருந்து வந்தது? சிலர் வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. கடைசியில், தெருவோரத்தில் திருட்டுத்தனமாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகளை அவர்கள் வாங்கி உண்டிருந்தது தெரிய வந்தது. அந்த மாத்திரைகளைச் சோதித்ததில் அதே மருந்து கிடைத்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தனர். அவர்களில் நால்வர் மௌத்தாயினர். நோயாளியின் இரத்தத்தையும் விற்பவனின் சரக்கையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டியது நஞ்சு நூல் படித்தவர்களின் வேலை. அது இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை வீடுகளில் ஜனாஸா எடுத்திருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

வியாபாரிகளாகிய நமக்கு இன்னும் நன்றாகப் புரியக் கூடிய கதை ஒன்று உண்டு. அது ஒரு பீப்பாயின் கதை. இருமல் சிரப்பில் மருந்தைக் கரைப்பதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் வேண்டும். டைஎத்திலீன் கிளைக்கால் என்று அதற்கு ஒரு மலிவான தம்பி உண்டு. பார்வைக்கும் ருசிக்கும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் இது தொழிற்சாலைச் சரக்கு. உள்ளே போனால் சிறுநீரகத்தை அழித்து விடும். 1937ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி சல்பா மருந்தை இதிலே கரைத்து, சோதனை ஏதும் செய்யாமல் விற்று விட்டது. நூறு பேருக்கு மேல், பல குழந்தைகள் உட்பட, இறந்து போயினர். அடுத்த ஆண்டே, தீங்கற்றது என்று காட்டாமல் புது மருந்தை விற்கக் கூடாதென்று அங்கே சட்டம் வந்தது. அந்த நஞ்சைச் சிகாகோவில் ஆராய்ந்த கூட்டத்தில் பிரான்சிஸ் கெல்சி என்ற மாணவியும் இருந்தார். 1960ல் அதே பெண்மணி அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து அதிகாரியாக உட்கார்ந்து, தாலிடோமைடு என்ற மாத்திரைக்கு அனுமதி தர மறுத்து விட்டார். கம்பெனிக்காரர்கள் எவ்வளவு நெருக்கியும் அசையவில்லை. அந்த மாத்திரையால் மற்ற நாடுகளில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் கை கால் குறைபட்டுப் பிறந்தன. பெண் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதை நான் சொல்வேன்.

பழைய கதை என்று நினைத்து விடாதீர்கள். 2025ல், நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. தமிழ்நாட்டு அரசாங்கச் சோதனைச் சாலையில் பார்த்தபோது அந்தச் சிரப்பில் ஏறக்குறையப் பாதி இந்த டைஎத்திலீன் கிளைக்காலே. பீப்பாய் வந்து இறங்கியவுடன் சோதிக்கப் படித்த ஒருவர் இருந்து, அவர் சொல்லைக் கேட்க ஒரு முதலாளியும் இருந்திருந்தால் போதும்.

இப்போது நம் அலமாரிக்கு வருவோம். முன்னே சொன்ன காரணம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் என் கடையில் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் ஒன்று விற்றேன். கொண்டு வந்து போட்டவர் நல்ல லாபம் சொன்னார், டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாடிக்கையாகச் சாமான் வாங்குகிற ஒரு பெண் அதைப் பல மாதம் பூசி வந்தாள். கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரில் பாதரசம் இருந்ததாம். பாதரசம் தோலின் கருமையைத் தடுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவள் தேறி விட்டாள், அல்ஹம்துலில்லாஹ். என் மேல் புகார் கூடச் சொல்லவில்லை. காலி டப்பாவைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்து விட்டு, "நானா, இனிமேல் இதை விற்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஸுர்மாவும் அப்படியே. ஸுர்மா இடுவது ஸுன்னத். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஸுர்மா என்ற பெயரில் வருகிற கருப்புப் பொடிகளில் பல ஈயக் கல்லை அரைத்தவை. ஈயம் சின்னக் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சோதித்த சரக்கா என்று கேட்டு வாங்குவது ஸுன்னத்துக்கு விரோதம் ஆகாது. அந்துருண்டையையும் சொல்ல வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற ஒரு பொருள் இரத்தத்தில் குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட குழந்தையின் துணியோடு நாப்தலீன் உருண்டையைப் போட்டு வைத்தால், அந்த வாசனையே இரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கி விடும். இதனாலேயே 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறை உண்டா என்று சோதிக்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டார் அந்துருண்டை கேட்டால் நான் இப்போது கொடுப்பதில்லை.

இந்தச் சாஸ்திரம் நமக்குப் புதிதும் அல்ல. மலகாவில் பிறந்து 1248ல் டமாஸ்கஸில் காலமான இப்னுல் பைத்தார் சுமார் 1400 மருந்துப் பொருள்களை எழுதி வைத்துப் போனார். நம் காலத்துக்குச் சமீபத்தில், டில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற அறிஞர் 1931ல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஹக்கீம் அஜ்மல் கான் அவர்களின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். இருதயத் துடிப்புக் கோளாறுக்கு அது மருந்தாயிற்று. யூனானி வைத்தியரின் வேரை எடுத்துக் கெமிஸ்ட்ரியில் காய்ச்சிப் பார்த்தவர் அவர்.

படிப்புக்கு வழி என்ன? இங்கே 1905ல் மருத்துவப் பள்ளி தொடங்கிய காலந்தொட்டு மருந்தாளர் படிப்பும் இருந்து வருகிறது. இப்போது சிங்கப்பூர் தேசிய பல்கலைக் கழகத்தில் பார்மசி நான்கு வருஷப் பட்டம். பிறகு பயிற்சி பெற்று, பார்மசி கவுன்சிலில் பதிந்து கொண்டால்தான் மருந்தாளராக இருக்கலாம். பார்மகாலஜியில் ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் அறிவியல் பட்டம் பெற்றுப் பின் அதே பல்கலைக் கழக மருத்துவப் பள்ளியின் பார்மகாலஜி பிரிவில் மேற்படிப்புக்குப் போகலாம். ஓ லெவல் முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்குகளில் டிப்ளமா உண்டு. மதரஸாப் பிள்ளைகளும் கெமிஸ்ட்ரி எடுத்திருந்தால் இதற்கு முயலலாம். கெமிஸ்ட்ரிதான் சாவி, அதை விட்டு விட்டால் பின்னால் கதவு திறப்பது கஷ்டம். ஊருக்கு அனுப்பிப் படிக்க வைப்போர் வண்டலூர் கிரசென்டில் பார்மசி இருப்பதைக் கவனிக்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பட்டம் இங்கே செல்லுமா என்று முன்கூட்டியே பார்மசி கவுன்சிலில் கேட்டுக் கொள்ள வேண்டும். பணம் கட்டிய பிறகு விசாரிப்பது நம்மவர்களின் வழக்கமாய் இருக்கிறது.

வேலையோ பல விதம். ஆஸ்பத்திரி, துவாஸ் மருந்துத் தொழிற்சாலைகள், புவன விஸ்தா பயோபோலிஸ் ஆராய்ச்சிக் கூடங்கள், புது மருந்தை மனிதரிடம் சோதிக்கும் நிலையங்கள். 2001ல் அமைந்த சுகாதார அறிவியல் ஆணையத்தில் மருந்துகளுக்கு அனுமதி தருவோரும், சந்தேக மரணங்களில் நஞ்சு உண்டா என்று பார்ப்போரும் இருக்கிறார்கள். உணவு அமைப்பும் உண்டு: 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு அளவுக்கு மீறி இருந்ததென்று திரும்பப் பெறச் சொன்னார்களே, அது இவர்கள் செய்ததுதான். இன்னொன்று, நம்மவர்களே இருக்க வேண்டிய இடம். மாத்திரைக் கூட்டின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது, பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பாரினுக்குப் பதிலாக வேறு மருந்து உண்டா என்று ஒரு முஸ்லிம் நோயாளி கேட்டால், மார்க்கமும் மருந்தும் இரண்டும் தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டாமா?

இவ்வளவையும் நண்பரிடம் கடையில் வைத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்து விட்டு, "எலியை வைத்துச் சோதிப்பார்களாமே, அவள் கரப்பான் பூச்சிக்கே பயப்படுவாளே" என்றார். பல்கலைக் கழகத்தில் பெற்றோரும் மாணவரும் வந்து பார்ப்பதற்கென்று ஒரு நாள் வைப்பார்கள். இன்ஷா அல்லாஹ், மகளை அழைத்துக் கொண்டு போவதாக இருக்கிறார். ஆங்கிலத்தில் கேட்கத் துணைக்கு என் மூத்த மகனும் வருகிறான். அன்று நான் மதியத்துக்கு மேல்தான் கடை திறப்பேன்.