கொல்லைப்புறக் கொசு: உழவர் வீட்டுக்கு ஒரு வாரக் கணக்கு

ஐப்பசி மழை தொடங்கியதும் நடவு, களையெடுப்பு, மேலுரம் என்று உழவர் வீட்டில் வேலை நெருக்கும். அதே சமயத்தில்தான் வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் படுப்பதும் நடக்கிறது. டெங்குக் காய்ச்சல் கண்டவர் ஒரு வாரம் படுக்கையில் கிடப்பதோடு, எழுந்த பிறகும் பல நாட்கள் சோர்வாகவே இருக்கிறார். நட்ட பயிருக்குக் களையெடுப்பு தள்ளிப்போகிறது. மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்க நேரிடுகிறது. சிறு குழந்தைக்குக் கண்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

குருத்துப்பூச்சியிலிருந்தும் புகையானிலிருந்தும் வயலைக் காக்கத் தெரிந்த உழவருக்குக் கொசுவும் ஒரு பூச்சியே. அதன் வாழ்க்கையை அறிந்து, எளிதில் சிக்கும் பருவத்தில் அழித்தால் அதிகச் செலவின்றி அடக்கி வைக்கலாம்.

வாழ்க்கைப் பருவங்கள்

கொசுவின் வாழ்வில் முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த கொசு என நான்கு பருவங்கள் உண்டு. புழுவும் கூட்டுப்புழுவும் தண்ணீரில்தான் வாழ முடியும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து கொசு வெளிவர 7 முதல் 10 நாட்கள் போதும். பெண் கொசுவே இரத்தம் குடிக்கிறது. முட்டை வளர அந்த இரத்தம் தேவை. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார்.

பறக்கும் கொசுவை விரட்டிப் பிடிப்பது கடினம். புழுவோ ஒரு பாத்திரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஏழு நாளுக்கு ஒரு முறை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஒரு கொசுகூட வெளிவராது. கொசு ஒழிப்புக்கு அடிப்படை இந்த ஏழு நாள் கணக்குதான்.

எந்தக் கொசு எங்கே வளர்கிறது?

கொசு என்றாலே சாக்கடையும் வயலும்தான் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். எல்லாக் கொசுவுக்கும் இது பொருந்தாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முக்கியமாக வீட்டைச் சுற்றிப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த நீரில் வளர்கிறது. கருநிற உடலிலும் கால்களிலும் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். பகலில் கடிக்கும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை. ஆகவே பகலில் கடிக்கும் கொசு தம் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ வளர்ந்தது என்று கொள்ளலாம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் இது முட்டைகளை ஒட்டி வைக்கும். அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்பது இதனால்தான்.

யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடை, கழிவுநீர்க் குட்டை, மலக்குழி ஆகியவற்றில் வளர்ந்து இரவில் கடிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் வகைகளில் ஒன்று கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரக்கூடியது.

நெல் வயலில் வளரும் க்யூலெக்ஸ் வகை மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955-இல் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது. இதன் கிருமி கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றியிலும் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வருகிறது.

முற்றத்தில் செய்ய வேண்டியவை

வாரத்தில் ஒரு நாளைக் கொசு ஒழிப்புக்கென ஒதுக்கிக் கொள்ள வேண்டும். சந்தை நாளையோ, வீடு மெழுகும் நாளையோ வைத்துக் கொண்டால் மறக்காது. அன்று வீட்டைச் சுற்றி வந்து கீழ்க்கண்ட இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. தண்ணீர்த் தொட்டி, அண்டா, பீப்பாய், குடம்: இடைவெளியின்றி மூட வேண்டும். மூடி இல்லையெனில் பழைய வேட்டித் துணியை இறுகக் கட்டலாம். வாரம் ஒரு முறை காலி செய்து, தேங்காய் நாரால் உட்சுவரை நன்கு தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். சில நாட்களுக்கு ஒரு முறையே குழாயில் தண்ணீர் வரும் ஊர்களில் சேமித்த நீரைக் கொட்ட மனம் வராது. அங்கே நீரைத் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பின் மீண்டும் ஊற்றிக் கொள்ளலாம். வடிகட்டிய துணியை வெயிலில் உதறிக் காயவைத்தால் புழுக்கள் மடியும்.

2. மாட்டுத் தொட்டி, கழுநீர்த் தொட்டி, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி: வாரம் ஒரு முறை நீரை வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

3. வேண்டாத பொருள்கள்: கொட்டாங்கச்சி, உடைந்த சட்டி, பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றை அகற்ற வேண்டும். பயன்படாத உரல், ஆட்டுக்கல் குழிகளில் மணல் நிரப்பலாம். பழைய டிராக்டர் டயரில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் உகந்தது. டயரைக் கூரைக்கடியில் வைக்க வேண்டும். வைக்கோல் போர் மீது போர்த்திய தார்ப்பாயின் மடிப்பு, கைத்தெளிப்பானின் தொட்டி, வேலி மூங்கிலின் வெட்டுமுனை, மரப்பொந்து ஆகியவையும் கவனிக்க வேண்டிய இடங்கள். மூங்கில் முனையையும் பொந்தையும் மணலால் அடைக்கலாம்.

4. கழிவுநீர்: குளியலறை, சமையலறை நீர் தேங்காமல் வாழை, கல்வாழைப் பாத்திக்கு ஓட வேண்டும். ஒரே இடத்தில் குட்டையாக நின்றால் பயனில்லை. பாத்தியை மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும். இடம் குறைவாயின் நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 மீட்டர் உள்ள குழி தோண்டி, உடைகல் அல்லது செங்கல் துண்டுகளை நிரப்பி உறிஞ்சு குழி அமைக்கலாம். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி தேவை. குப்பைக் குழியிலிருந்து கசியும் நீரும் தேங்கக் கூடாது.

5. மலக்குழி: காற்றுப்போக்கிக் குழாயின் முனையில் நைலான் வலையைக் கட்ட வேண்டும். மூடியின் சந்துகளைப் பூசி அடைக்க வேண்டும்.

6. கிணறு, பாசனத் தொட்டி: புழு தின்னும் கப்பி மீன்களை விடலாம். சுகாதாரத் துறையினரிடம் கேட்டால் வழிகாட்டுவர். இவை அயல்நாட்டு மீன்களாதலால் ஏரி, ஆறு, வாய்க்காலில் விடக் கூடாது. அங்குள்ள நாட்டு மீன்களுக்குக் கேடு வரும்.

வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் வயலில் இடைவிடாது நீர் நின்றால் புழு தடையின்றி வளரும். தேங்கிய நீர் வடிந்து, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றிய பின் மறுபடி பாய்ச்சினால் புழுக்கள் காய்ந்து மடிகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுக்கும் இம்முறையில் பாசன நீரும் மிச்சமாகும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வயல் கொசு சில கிலோமீட்டர் பறக்கக் கூடியது. எனவே ஒருவர் வயலில் மட்டும் செய்தால் பலன் குறைவு. ஒரே மடையில் பாயும் உழவர்கள் சேர்ந்து செய்தல் நலம். பன்றிக் கொட்டகையைக் குடியிருப்பிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும். மூளைக்காய்ச்சல் காணப்படும் மாவட்டங்களில் 9-ஆம் மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. இதைத் தவற விடக் கூடாது.

மருந்து பற்றி எச்சரிக்கை

பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தை முற்றத்திலோ, சாக்கடையிலோ, தொட்டியிலோ ஊற்றக் கூடாது. குழந்தைக்கும் கறவை மாட்டுக்கும் கோழிக்கும் அது நஞ்சு. குடிநீர் அல்லாத தொட்டிகளுக்கும் இந்த விதி பொருந்தும்.

புழுவைக் கொல்லும் டெமிஃபாஸ் மருந்தைச் சுகாதாரப் பணியாளர்களே அளந்து இடுவர். 1 சதவீதக் குருணையாயின் 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் என்பது கணக்கு. இஸ்ரேல் நாட்டில் 1976-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாக்டீரியாவிலிருந்து தயாரிக்கும் பி.டி.ஐ. மருந்தும் உண்டு. இது கொசுப் புழுவைக் கொல்லும். மீனுக்கும் கால்நடைக்கும் தீங்கு செய்யாது. கூட்டுப்புழு எதையும் தின்னாது. ஆகவே அந்தப் பருவத்தில் பி.டி.ஐ. பலிக்காது.

புகை மருந்து அப்போது பறந்து திரியும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் உள்ள புழு அப்படியே இருக்கும். சில நாட்களில் புதிய கொசு வந்துவிடும். வேப்பிலை, நொச்சிப் புகை சிறிது நேரம் விரட்டும், அவ்வளவே. கன்று கட்டிய கொட்டகையிலும் குழந்தை தூங்கும் அறையிலும் புகையை அடைத்து வைப்பது தவறு. இரவில் கொசுவலைக்குள் படுப்பது நல்லது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்ட வேண்டும்.

காய்ச்சல் கண்டால்

அடைமழைக் காலத்தில் வரும் காய்ச்சலைச் சாதாரணம் என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். கடையில் கேட்டு ஆஸ்பிரின், வலி மாத்திரைகளை விழுங்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு அதிகமாகும். கஞ்சி, இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவற்றை நிறையக் கொடுக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளைதான் கவனமாக இருக்க வேண்டிய வேளை. அப்போது கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, கை கால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நோயாளியைப் பகலிலும் வலைக்குள் வைத்தால், கொசு அவரைக் கடித்து மற்றவர்க்கு நோயைக் கொண்டு செல்வதைத் தடுக்கலாம்.

தெரு முழுவதும் சேர்ந்து

ஒரு வீட்டார் சுத்தமாக இருந்து அடுத்த வீட்டார் தொட்டியைத் திறந்து போட்டால் இருவருக்கும் பலனில்லை. தெருவில் உள்ளோர் பேசி, எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தொட்டி கழுவுவது என்று முடிவு செய்தல் நலம். பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால் வீடு வீடாகச் சென்று நீர் தேங்கிய சட்டிகளைத் தேடிக் கவிழ்த்து விடுவார்கள். இதற்குப் பிடிக்கும் நேரம் வாரத்துக்கு அரை மணிதான். நடவு நேரத்தில் வீட்டில் ஒருவரும் படுக்காமல் இருந்தால் அந்த அரை மணியின் மதிப்பு தெரியும்.